அன்னக் கேட்டும் கரிக்கை டாட் காமும்

என் மனைவியின் அண்ணன் எனக்கு மூன்று லட்சம் தர வேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கிய பணம் இல்லை. என் கூலியும், நான் கைக்காசு போட்டு வாங்கிய இரும்பும் சேர்ந்த கணக்கு அது. அவன் கட்டி விற்ற வரிசை வீடுகளுக்குப் பதினொரு கேட், அவன் குடியிருக்கும் வீட்டு வாசலுக்கு ஒரு பெரிய இரட்டைக் கேட், ஆகப் பன்னிரண்டு கேட் செய்து கொடுத்தேன். ஒன்றுக்கும் காசு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் புரியும்.

நேரில் பார்த்தால் "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்றுதான் சொல்வேன். எழுதும்போது அவன் என்றுதான் எழுதுவேன். எழுத்தில் வருகிறவனுக்கு நான் நாற்காலி போட வேண்டியதில்லை.

என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் குறைத்துச் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய வெல்டிங் மெஷினைப் போட்டு, கழித்துப் போட்ட கம்பிகளை ஒட்டவைத்துப் பழகினேன். ஒருநாள் பிடிபட்டு அடி வாங்கினேன். அடித்துவிட்டு, நான் ஒட்டிய துண்டைக் கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தார். அது விடவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். பிறகு வாடகைக்கு ஒரு மெஷின், அப்புறம் சொந்தமாக ஒன்று, சொந்தப் பட்டறை, பட்டறைக்கு மேலே சொந்த வீடு. எதற்கும் யாரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. இந்த ஊரில் பெரிய வீடு என்று நீங்கள் எதைக் காட்டினாலும் பெரும்பாலும் என் கேட்டைத் திறந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கும்.

என் மச்சானும் பள்ளிக்கூடத்தில் என்னைவிட அதிக நாள் உட்கார்ந்தவன் இல்லை. ஆனால் அவனுக்கு வெள்ளைச் சட்டை பிடித்துப்போனது. மேஸ்திரியாக இருந்தவன் கடன் வாங்கி ஒரு வீடு கட்டி விற்றான், காண்ட்ராக்டர் ஆனான். அன்றைக்கு ஆரம்பித்தது வாய். குடும்பத்தில் எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் நான் படியேறுவதற்குள் அவன் குரல் கேட்கும்.

"கரிக்கை வந்தாச்சு! வெள்ளைத் துணியெல்லாம் எடுத்து உள்ள வைங்கப்பா."

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவிகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

காசு கேட்டால் வருஷத்துக்கு ஒரு பதில். வீடு விற்றதும் தருகிறேன் என்றான், விற்றது. பாங்க் லோன் வரட்டும் என்றான், வந்தது, புதுக் கார் வாங்கினான். பிறகு பதில் சொல்வதையே விட்டுவிட்டான். "என்ன மாப்பிள, குடும்பத்துக்குள்ள போய் கணக்குப் பாத்துக்கிட்டு?" என்று என் தோளில் தட்டுவான். தட்டிவிட்டு, ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வான்.

வீட்டுக்கு வந்து கத்துவேன். என் மனைவி சாந்தமாகச் சொல்வாள், "எங்கண்ணன் எங்க ஓடிடப்போறாரு?"

"ஏன் ஓடணும்? அதான் கார் இருக்கே."

இப்போது அந்த இரட்டைக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் இரண்டு கதவிலும் கதவுக்கொரு அன்னம் வைத்திருந்தேன். குழந்தைகள் வரைகிற மாதிரி கண்ணும் மூக்கும் வைத்த அன்னம் இல்லை. ஒரே நீளப் பட்டையைச் சூடு காட்டி, வெட்டாமல் ஒட்டாமல் கழுத்தாகவும் சிறகாகவும் வளைத்தெடுத்த அன்னம். அந்த வளைவை எனக்குத் தெரிந்து இன்னொருவன் போட்டதில்லை. கேட்டுக்கு நான் பட்டறையில் கீல் வைப்பதே கிடையாது. தூண் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும் என்பதால், இடத்துக்குப் போய், தூணுக்கு நூல் பிடித்துப் பார்த்து, அங்கேயே கீலை ஒட்டுவேன். அந்தச் சமயம் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மச்சான் லாரி கொண்டுவந்து, "அப்பாகிட்ட பேசிட்டேன்டா" என்று என் மகனிடம் பொய் சொல்லிக் கீல் வைக்காத கேட்டை ஏற்றிக்கொண்டு போனான். சிமெண்ட் கலக்குகிற ஆட்களை வைத்து மாட்டினான்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் போய்ப் பார்த்தேன். இரண்டு அன்னமும் தலை கீழே, கால் மேலே.

கீல் இல்லாத கதவுக்கு எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று அவன் ஆட்களுக்குத் தெரியவில்லை. தலைகீழாக வைத்தால் அன்னம் அன்னமாகத் தெரியாது, வெறும் சுருள் சுருளாகத்தான் தெரியும். அவன் அதற்குக் கறுப்பும் தங்கமும் அடித்து, வருகிறவர்களிடமெல்லாம் "மாடர்ன் டிசைன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டுவேன். காசு வராத கடனுக்கு அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த வட்டி.

இப்படியே போயிருக்கும். ஒரு டாக்டரம்மா வந்து கெடுத்தார். புதிதாக ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தவர். முன்வாசலுக்குக் கேட், மாடிக்குக் கைப்பிடி, ஜன்னல்களுக்குக் கிரில் என்று பெரிய வேலை. என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். என் போட்டோ ஆல்பத்தைக் கையில் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதெல்லாம் நான் ஏற்கெனவே பாத்திருக்கேனே. ஒருத்தரோட வெப்சைட்ல இருக்கு. நீங்க அவர்கிட்ட வேலை பாக்கிறவரா?"

"யார்கிட்டங்க?"

போனைத் திறந்து காட்டினார். என் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே என் கேட்டுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே, 'எங்கள் சொந்தத் தயாரிப்பு' என்று கொட்டை எழுத்து. அதில் ஒரு படத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் கேட்டை மாட்டிய அன்று நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எடுத்தது. என்னை வெட்டிவிட்டிருந்தான். சரியாக வெட்டக்கூடத் தெரியவில்லை. கேட்டின் ஓரத்தில் மணிக்கட்டு வரை என் கை மட்டும் மிச்சமிருந்தது.

"அம்மா, இந்தக் கை என் கை."

அவர் என் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நல்ல மனுஷி, முகத்தில் அடித்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. "உங்களுக்குன்னு வெப்சைட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"இருந்தா அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்." எழுந்து போய்விட்டார். கொடுத்த டீ அப்படியே இருந்தது.

அதுவரைக்கும் என் காசைத் தராதவன் என்றுதான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காசைத் தின்றவன் என் கையையும் தின்றிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய், "இந்த வீட்டுக்கு இன்டர்நெட் வேணும்" என்றேன். மகன் வாயைப் பிளந்தான். அவன் எத்தனையோ தரம் கேட்டு, வீண் செலவு என்று நான் விரட்டிவிட்ட விஷயம் அது.

லைன் போடுகிறவர் ஏணியோடு வந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேல தகரம், சுத்தி இரும்பு. உள்ள சிக்னல் எப்படிங்கய்யா நடமாடும்?"

"நான் இல்லையா நடமாடுறேன்?"

சுவரில் ஓட்டை போட அவர் கொண்டுவந்த டிரில் கொசு மாதிரி முனகியது. பார்க்கச் சகிக்காமல் என்னுடையதை எடுத்து ஒரே மூச்சில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அவர் குனிந்து அதன் வழியாக வெளியே பார்த்தார்.

"ஐயா, ஒயர் விடத்தான் கேட்டேன். புறா வளக்கப்போறீங்களா?"

இன்டர்நெட் பெட்டியை மாடிப்படி ஓரத்துச் சின்னப் பிளக்கில் மாட்டி, விளக்குகள் எரிவதைக் காட்டிவிட்டுப் போனார். அவர் போனபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. மாதாமாதம் பணம் கட்டுகிற சாமான், ஒரு சுண்டைக்காய்ப் பிளக்கில் தொங்குவதா? வெல்டிங் மெஷினுக்கென்று தனியாகக் கனமான லைன் இழுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தெருவிலேயே அதைப்போல இன்னொன்று கிடையாது. பெட்டியைக் கழற்றி அந்தப் போர்டில் மாட்டினேன். நல்ல கரண்ட் குடித்து நன்றாக வேலை செய்யட்டும் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து இன்டர்நெட் வரும், போகும். வந்து உட்காருவதற்குள் போய்விடும். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசியது.

"சார், பெட்டியை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அது தானாவே ஆஃப் ஆகித் தானாவே ஆன் ஆகுதும்மா. நடுவுல நான் எதுக்கு?"

என் மச்சான்தான் யாரையோ பிடித்து லைனை அறுக்கச் சொல்லியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். கம்பெனிக்காரர்களையும் சேர்த்துத் திட்டினேன். லைன்காரர் மறுபடி வந்தார். மச்சானின் சதியைப் பற்றி அவரிடமும் சொன்னேன். போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு வெல்டு வைங்க."

மகன் வெல்டிங் ராடை இரும்பில் வைத்தான். பொறி பறந்தது. பெட்டியில் இருந்த விளக்குகள் ஒன்றுவிடாமல் அணைந்தன.

"உங்க மச்சான் பாவங்கய்யா," என்றார் லைன்காரர். "அவரு மேல வேற குத்தம் இருந்தா சொல்லுங்க, இது அவரு இல்ல. உங்க மெஷின் ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் உறிஞ்சிடுது."

வேறு குற்றம் நிறைய இருக்கிறது என்று அவரை உட்காரவைத்துச் சொன்னேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன். பெட்டி மறுபடியும் சின்னப் பிளக்குக்கே போனது.

இனி என் மருமகள், மகனின் மனைவி. கடன் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வசூல் பிரிவில் வேலை. தவணை கட்டாதவர்களுக்குப் போன் போட்டுப் பேசுவது அவள் உத்தியோகம். தேன் மாதிரி குரல். அந்தக் குரலைக் கேட்டுப் பல பேருக்குத் தூக்கம் போயிருக்கிறது. வெப்சைட் செய்ய அவளைத்தான் பிடித்தேன். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள்.

"மாமா, முதல்ல வெப்சைட்டுக்கு ஒரு பேர் வேணும். உங்க பேரைப் போட்டுப் பாத்தேன். வேற ஒருத்தர் வாங்கிட்டாரு."

"என் பேரை எவன் வாங்குனான்?"

"எந்த நாட்டுலயோ இருக்காரு. நாய்க்குட்டி விக்கிறாரு."

"திருப்பிக் கேளு."

"அதெல்லாம் கேக்க முடியாது மாமா. வேற பேர் சொல்லுங்க. வருஷா வருஷம் அதுக்குக் காசு கட்டணும்."

"பேருக்கு வாடகையா? என்னைப் பெத்தவங்களே அதுக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் சிரித்தாள். நான் யோசித்தேன். என் எதிரில், கம்ப்யூட்டரில், மச்சானின் வெப்சைட் திறந்து கிடந்தது. அந்த மணிக்கட்டு வரைக்குமான கை.

"கரிக்கைன்னு போடு."

சமையல்கட்டிலிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. மருமகள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினாள். "இது காலியா இருக்கு, மாமா."

"இருக்கும். யாரு வாங்குவா?"

முதல் பக்கத்துக்கு என் இரண்டு கையையும் விரித்துவைத்துப் படம் எடுத்தாள். கழுவிக்கொண்டு வருகிறேன் என்றேன், கூடாது என்றாள். ஆல்பத்தில் இருந்த என் பழைய முழுப் படத்தையும் எடுத்து, மச்சான் வெட்டிய படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஒன்றில் முழு ஆள், மற்றதில் வெறும் கை. அதற்குக் கீழே, அவன் எனக்கு எவ்வளவு தர வேண்டும், எத்தனை வருஷம் இழுத்தான், எப்படிப்பட்ட பயல் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் விரலைக்கூட அசைக்கவில்லை.

"ஏன் தட்ட மாட்டேங்கிற?"

"கடனை எழுதினா கேஸ் போடுவாரு மாமா. வையிறதும் வேணாம். எங்க ஆபீஸ்ல யாரையும் திட்ட மாட்டோம். சும்மா ஞாபகப்படுத்துவோம். நடந்ததை மட்டும் போடுங்க, அதுவே போதும்."

மற்ற படங்களுக்காக நானே போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வரிசை வீடுகளில் ஒவ்வொரு கேட்டிலும் கை வைத்து நின்று படம். "யாருங்க நீங்க, எங்க கேட்டைப் பிடிச்சுக்கிட்டு?" என்று ஒரு வீட்டு அம்மா கேட்டார். "இந்தக் கேட்டோட அப்பன்மா" என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

கடைசியாக மச்சான் வீட்டு வாசல். எதிர்ப்பக்கம் நின்று படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து மருமகளிடம் கொடுத்தேன். படத்தை ஏற்றிய பிறகு கம்ப்யூட்டரில் அது தலைகீழாக வந்தது. நான் போனைத் திருப்பிப் பிடித்து எடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

"ஐயோ, திருப்பிடுறேன் மாமா."

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் மகன் கீழேயிருந்து ஓடிவந்தான். கம்ப்யூட்டரில் மச்சானின் வீடு தலைகீழாகத் தொங்கியது. மொட்டை மாடி கீழே, வாசற்படி மேலே, கார் வானத்தில். நடுவில் என் இரண்டு அன்னமும் கழுத்தை நிமிர்த்தி, எதிரெதிரே பார்த்துக்கொண்டு, நேராக நின்றன. இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் செய்த வேலையை முழுசாகப் பார்த்தேன்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா... இது அன்னமா? நான் ஏதோ புழுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"எல்லாருக்கும் அப்படித்தான்."

"இது எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"முதல் நாள்லேருந்து."

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பயமா மரியாதையா, தெரியவில்லை. அவள் ஆபீஸ் முதலாளியை அப்படிப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். படத்தை அப்படியே விட்டாள். அடியில் எழுத ஒரு வரி கேட்டாள். சொன்னேன்: 'இந்தக் கேட்டைச் செய்தவன் நான். மாட்டியவன் நான் இல்லை.'

என் மனைவி வந்து பின்னால் நின்றாள். படத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

"எங்கண்ணனைச் சந்தி சிரிக்க வைக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"சந்தியில எத்தனை வருஷமாத் தொங்குது. நான் படம் மட்டும்தான் எடுத்தேன்."

"எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தாங்க."

மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் பட்டனை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மகன் தன் நண்பர்களுக்கு அனுப்பினான். லைன்காரர் தன் ஆட்களுக்கு அனுப்பினார். காபி கொடுத்த அம்மா குடியிருப்போர் குழுவில் போட்டார். ஒரு வாரத்தில் மச்சான் வீட்டுக்கு எதிரே ஆட்கள் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தவர்களும் உண்டாம். அவன் அப்போது புது அடுக்குமாடி வீடுகளை விற்றுக்கொண்டிருந்தான். வீடு பார்க்க வந்த ஒருவர் எல்லாம் பார்த்துவிட்டு, "குழாயெல்லாம் நேராத்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். தலைகீழ் காண்ட்ராக்டர் என்று பேராகிவிட்டது. அவன் வெப்சைட்டிலிருந்து என் கேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியாக அந்தக் கையும் போனது.

டாக்டரம்மா என் வெப்சைட் வழியாகவே எழுதினார். 'மன்னிக்க வேண்டும், அந்தக் கை உங்கள் கைதான். எப்போது அளவெடுக்க வருகிறீர்கள்?' மருமகள் இதை வாசித்தபோது நான் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன்.

என் மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சும்மா விடுகிற நிலையில் இல்லை. தினமும் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் எண் வரும். அது ஏற ஏற எனக்குப் பசியெடுத்தது.

ஒரு மதியம் அவன் வந்தான். வெள்ளைக் காரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு நேராக மாடியேறினான். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். மனைவி சமையல்கட்டில்.

"வாங்க மச்சான், உக்காருங்க."

"உக்கார வரல. அந்தப் படத்தை இப்பவே எடுக்கணும்."

"எந்தப் படம்?"

"விளையாடாத மாப்பிள. என் வீட்டை நீ எப்படிப் படம் புடிக்கலாம்? வக்கீலைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

மருமகள் தேன் குரலில் சொன்னாள். "ரோட்டுல நின்னு எடுத்த படந்தான் மாமா. அதுல பொய் ஏதாவது இருந்தா சொல்லுங்க, உடனே திருத்திடுறேன்."

அவன் அவளை முறைத்தான். பிறகு குரலை இறக்கினான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "சரி. கேட்டை நேரா மாட்டிக் குடு. படத்தை எடு. முடிஞ்சது. நாலு பேர் சிரிக்கிறான் மாப்பிள."

"மாட்டிக் குடுக்கிறேன். அதுக்குக் கூலி தனி, முன்பணம். முதல்ல பழைய மூணு லட்சம்."

"எந்த மூணு லட்சம்?"

இத்தனை வருஷம் இழுத்தடித்திருக்கிறான், மழுப்பியிருக்கிறான். கடனே இல்லை என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான். வெறும் சிரிப்புக்குப் பயந்து காசை எடுப்பதா என்ற ரோஷம் அவனுக்கு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மருமகள் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தக் காசை நான் அப்பவே குடுத்தாச்சு. நீ காய்ச்சல்ல கிடந்தியே, அப்ப வந்து தங்கச்சி கையில குடுத்துட்டுப் போனேன். முழுசா. அவ உன்கிட்ட சொல்லலைன்னா அது உங்க வீட்டு விஷயம். அதுக்கு என்னை ஊர்ல நாறடிப்பியா?"

நான் அவனைப் பார்க்கவில்லை, சமையல்கட்டு வாசலைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு விநாடி எனக்குச் சந்தேகம் வந்தது. என் நெஞ்சில் அதைப் போட்டதற்காகவே அவனைத் தூக்கிக் கீழே எறிந்திருப்பேன்.

என் மனைவி வெளியே வந்தாள். கை மாவாக இருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து அவன் எதிரில் நின்றாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வலது கையை விரித்து நீட்டினாள்.

"எந்தக் கையிலண்ணா குடுத்தீங்க? இந்தக் கையிலயா?"

"இல்லம்மா, அது வந்து... எத்தனையோ வருஷம் ஆச்சு, எனக்கும் சரியா..."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க. இதுலயா, அந்தக் கையிலயா?"

"நீ சும்மா இரு, இது எங்க ரெண்டு பேருக்குள்ள..."

"என் கையை இழுத்துட்டீங்களே, அப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்கிறது? இவர் உங்களைத் திட்டும்போதெல்லாம் எங்கண்ணன் ஓடிப்போக மாட்டார்னு சொல்லிச் சொல்லி என் வாய் தேஞ்சுபோச்சு. என்னைத் திருடியாக்கிட்டுப் போறீங்களே, எங்கண்ணா போறீங்க?"

"தங்கச்சி..."

"அண்ணன் தங்கச்சி எல்லாம் அப்புறம். குடுத்தேன்னு சொன்ன காசு இந்தக் கைக்கு வரணும். வர்ற வரைக்கும் கையை மடக்க மாட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லி அவளை உள்ளே அனுப்புவேன் என்று. நான் எதற்கு அனுப்பப்போகிறேன்? நானும் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆன்லைன்ல அனுப்பிடுறேன்," என்று போனை எடுத்தான். "மாப்பிள நம்பருக்கே அனுப்புறேன்."

"கையிலதான் குடுத்தேன்னீங்க," என்றாள் அவள்.

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவன் எழுந்து கீழே போனான். அப்படியே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சிமெண்ட் கடைக்குக் கட்ட வைத்திருந்த பணப்பையோடு திரும்பி வந்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நீட்டிய கையை இறக்கவில்லை.

ஆறு ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"அவுத்து எண்ணுங்க."

"கட்டு பாங்க்லேருந்து அப்படியே வந்ததும்மா."

"நீங்க எண்ணிக் குடுத்ததை இவர் பாக்கணும்."

அந்தக் கை என் கையாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அவன் வெள்ளைச் சட்டையோடு என் பட்டறைத் தரையில் நின்று, என் கரிக்கையில் வைத்துவிட்டு, தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அது கிடைக்கவில்லை. ஆனால் அவன் முகத்தில் அன்றைக்கு இருந்ததை நான் எந்தக் காலத்திலும் அவனுக்குக் கொடுத்திருக்க முடியாது.

அவன் கட்டுகளைத் திரும்ப வாங்கி, ஒன்றை அவிழ்த்து, நாக்கில் விரலை வைத்து ஈரப்படுத்தினான்.

"எச்சில் பண்ணாம எண்ணுங்கண்ணா."

ஒவ்வொரு தாளாக அவள் கையில் வைத்து வாய்விட்டு எண்ணினான். நடுவில் தப்பிப்போனது. அவள் முதலிலிருந்து என்றாள். முதலிலிருந்து எண்ணினான். கை கொள்ளாமல் போனதும் மருமகள் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். என் மனைவி நிறைந்ததை அதில் கவிழ்த்துவிட்டு, வெறுங்கையை மறுபடி விரித்தாள். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டின் கடைசித் தாளை வைத்துவிட்டு மூச்சு விட்டான்.

அவள் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கிழிஞ்சிருக்கு. வேற வைங்க."

வைத்தான்.